சத்தியமாக நான் எழுதாத கடிதம்

ஜூன் 3
விடுதி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்

அன்புள்ள அத்தைக்கு,

மடிப்புக் கலையாத மன்னிப்பு ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். கசங்காமல் பிரிக்கவும்.

இங்கே வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வார்டன் அம்மா அலமாரியைத் திறந்து ஆளுக்குப் பத்து நிமிடம் போனைத் தருகிறார். அந்தப் பத்து நிமிடமும் உங்கள் போன் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் நீராவி மாமா எடுத்து, "அத்தை கடையில இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். முப்பது வருடமாக நம் கடையில் இஸ்திரி போட்டு ஊரார் துணியிலுள்ள சுருக்கத்தையெல்லாம் எடுத்தவர், ஒரு பொய்யைச் சுருக்கமில்லாமல் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒத்துக்கொள்கிறேன். 'துணி மடிப்புத் தர ஆய்வு அலுவலகம்' என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அந்தக் கடிதத்தை எழுதியது நான், அச்சடித்தது நான், முத்திரை குத்தியதும் நான். சட்டைக் கையை மூன்றாக மடிக்கும் சலவைக் கடைக்காரர்கள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று எழுதியபோது, நீங்கள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, மாதிரிக்கு மூன்று சட்டையும் எடுத்துக்கொண்டு, அரசு அலுவலகக் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி விசாரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. நான்காவது மாடி குமாஸ்தா பக்கத்து மேசைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டியதை நீராவி மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் சொல்லவே இல்லை. வந்ததும் பேசாமல் என் பெட்டியை அடுக்கினீர்கள். இங்கே வந்து திறந்து பார்த்தால், என் சட்டைகளின் கையையெல்லாம் இரண்டாக மடித்து வைத்திருக்கிறீர்கள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அப்பா கப்பலில் இருக்கிறார், கரை சேர இன்னும் ஐந்து மாதம். அம்மா முகம் எனக்குப் படத்தில்தான் தெரியும். கோபித்துக்கொள்ளவும் சமாதானம் ஆகவும் எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவரும் போனை எடுக்காவிட்டால் நான் யாரோடுதான் சண்டை போடுவது?

உங்கள்
வாலு


ஜூன் 9
கடை

வாலுக்கு,

கடிதம் வந்தது. மன்னிப்பைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

போனை எடுக்க மாட்டேன். போன வருடம் மண்டப மேலாளர் குரலில் பேசி, முன்னூறு திரைச்சீலை வருகிறது என்று சொன்னவள் நீ. நானும் நீராவியும் கடையில் பாதியைக் காலி செய்துவிட்டுச் சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் குரலை நம்புவதற்கில்லை. சொல்ல வேண்டியதை உன் கையால் எழுது.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாயே என்று மனது கொஞ்சம் இளகியது உண்மை. அதற்குள் அடுத்ததும் வந்து சேர்ந்துவிட்டது. இந்தத் தடவை 'நலவாழ்வு மையம்'. தாள் நல்ல தாள். முத்திரையும் முன்னைவிடத் தெளிவு. கை தேறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஷயத்தைக் கொஞ்சம் நம்புகிற மாதிரி எழுதக் கூடாதா? சின்ன வயதில் எனக்குச் சின்னம்மை வந்திருக்குமாம். அந்தக் கிருமி இன்னும் போகாமல் என் நரம்பில் படுத்துத் தூங்குகிறதாம். வயதாக ஆக அது விழித்துக்கொண்டு அக்கியாகக் கிளம்பலாமாம். அதற்கு முன்னால் இரண்டு தவணை தடுப்பூசி போட்டுக்கொள்ள 18ஆம் தேதி காலை பத்து மணிக்கு வர வேண்டுமாம். ஏழு வயதில் எனக்கு அம்மை போட்ட கதையை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னேன்?

கடைசி வரியில் நன்றாக மாட்டிக்கொண்டாய். 'கைப்பகுதி தளர்வான உடையில் வரவும்.' போன தடவை சட்டைக் கை, இந்தத் தடவை ரவிக்கைக் கை. கையை விட்டு வெளியே வர உனக்குத் தெரியவில்லை.

கடிதத்தைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். துணி வாங்க வருகிறவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். பதிலும் போட்டாயிற்று. சட்டைக்குள் வைக்கிற அட்டை ஒன்றை எடுத்து, மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினேன்: 'தூங்குகிறவரை எழுப்புவது மரியாதை இல்லை. ஐம்பத்தேழு வருடமாகச் சத்தம் போடாமல் இருக்கிறது. என் வீட்டில் ஒழுங்காக இருப்பது அது ஒன்றுதான்.' கடிதத்தில் இருந்த விலாசத்துக்கே அனுப்பினேன். எப்படியும் உன் கைக்குத்தானே வரப்போகிறது.

சாப்பாட்டை மீதி வைக்காதே.

அத்தை


ஜூன் 13

அன்புள்ள அத்தைக்கு,

நான் எழுதவில்லை.

இதை எழுதும்போது என் கை எனக்கே சந்தேகமாகத் தெரிகிறது. இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன். அந்தக் கடிதம் என்னுடையது இல்லை. பொய் சொல்லும்போது எனக்கு வார்த்தை தண்ணீர் மாதிரி வரும். உண்மை சொல்ல வந்தால்தான் இப்படித் திக்குகிறது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு விடுதியின் நோயாளி அறைக்கு ஓடினேன். இரண்டு கட்டில், ஓர் எடை பார்க்கும் எந்திரம், ஒரு நர்ஸ் அக்கா. எனக்கு வயிற்றுவலி என்று நினைத்து மாத்திரை டப்பாவைத் திறந்துவிட்டார். போன வாரம் அதே அறைக்கு நான் கொண்டுபோன காய்ச்சல் தேநீர்க் கோப்பையில் முக்கியெடுத்த தெர்மாமீட்டரில் மட்டும் இருந்தது என்பதால், அவரும் முதலில் என்னை நம்பவில்லை. என் பெயர் எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கிறது. விசாரிக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு அவர் உட்காரச் சொன்னார். எல்லாம் நிஜமாம். அம்மை இறங்கியபின் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லையாம், நரம்பின் வேரில் ஒடுங்கிக் கிடக்குமாம். வயது ஏறி எதிர்ப்புச் சக்தி இறங்கும்போது எழுந்து, உடம்பின் ஒரு பக்கமாக, பட்டை பட்டையாகக் கொப்புளம் கிளப்புமாம். கண் பக்கம் வந்தால் பார்வைக்கே ஆபத்தாம். கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு வலி ஆறாதாம். அதனால்தான் வயதானவர்களைத் தேடித் தேடிக் கடிதம் போடுகிறார்களாம். அவருடைய அப்பாவுக்கு நெற்றியில் வந்ததாம். தலையணையில் தலை சாய்க்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே ஒரு மழைக்காலத்தைக் கழித்தாராம். பிறகு என்னிடம் சொன்னார்: "ஊசி போட்டா ரெண்டு நாள் வலிக்கும். அக்கி வந்தா மாசக்கணக்குல வலிக்கலாம். உங்க அத்தைகிட்ட இதை மட்டும் எழுது, போதும்."

அத்தை, கிருமி நரம்பில் இருப்பதாகச் சொல்வது மையம். நான் வரம்பில்தான் இருக்கிறேன். நர்ஸ் அக்காவின் கையெழுத்தையும் கீழே வாங்கியிருக்கிறேன். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். விலாசம் பொய்யாக இருந்தால் உங்கள் அட்டை திரும்பி வந்திருக்க வேண்டும். வந்ததா?

18ஆம் தேதி போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நான் கெஞ்சி நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

வாலு


ஜூன் 20

வாலுக்கு,

பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போக முடியாது என்று கண்ணீரோடு கெஞ்சினாய். கட்டைப் பிரித்தால் உள்ளே கணக்குப் புத்தகத்தின் அட்டை இருந்தது.

18ஆம் தேதி நான் போகவில்லை. நர்ஸ் கையெழுத்து என்று ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறாய். உனக்குப் போடத் தெரியாத கையெழுத்து எது? அட்டை திரும்பி வரவில்லைதான். தபால்காரரையும் உன் கட்சியில் சேர்த்திருப்பாய் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஓட்டல் மேசை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் கடையில். ஏன் மட்டும் என்று கேட்பாய். சொல்கிறேன்.

17ஆம் தேதி நீராவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகவே இடது விலாவில் யாரோ சூடு வைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி ஏதாவது பட்டிருக்கும் என்றேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், முதுகிலிருந்து வயிறு வரைக்கும் பெல்ட் கட்டின மாதிரி சிவந்து, பொடிப் பொடியாகக் கொப்புளம். சரியாகப் பாதி உடம்பில் நின்றுவிட்டது. கோடு போட்டு நிறுத்தின மாதிரி. மறுநாள் அவர் வரவில்லை. நேற்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு பார்வை பார்த்தார், ஒரு சொல் சொன்னார். அக்கி.

நல்ல வேளை, மூன்று நாளைக்குள் வந்துவிட்டீர்கள், மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்றார். ஆனால் வலி அவரை விடவில்லை. சட்டை பட்டால் துடிக்கிறார். மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் துடிக்கிறார். ஊருக்கெல்லாம் சட்டை தேய்த்துக் கொடுத்த மனிதர் ஒரு சட்டையை மேலே போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அந்தச் சொல்லை முதல்முதலில் இந்தக் கடைக்குள் கொண்டுவந்தது நீ. விளையாட்டுக்கு ஒரு நோயை எழுதினாய், அது ஆள் தேடி வந்துவிட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற அந்தத் தாளை நிமிர்ந்து பார்க்காமல்தான் சில்லறை கொடுக்கிறேன்.

கொஞ்ச நாளைக்குக் கடிதம் எழுதாதே.

அத்தை


ஜூன் 23

அத்தை,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

நீராவி மாமாவை நினைத்து இன்றைக்கு மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. மீதி வைக்காதே என்றீர்கள், வைத்துவிட்டேன்.

நான் சத்தியம் செய்தால் நம்ப மாட்டீர்கள். சாட்சி கொண்டுவந்தால் சாட்சியையும் சேர்த்துச் சந்தேகப்படுவீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. அதனால் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்லிவிட்டால் என் தொழில் இன்றோடு முடிந்தது.

நம் கடையின் துணிக்குறி என்ன? வட்டம், அதற்குள் இரண்டு புள்ளி. காலர் உள்பக்கம் அழியாத மையில் அந்தக் குறி போடாமல் ஒரு கைக்குட்டைகூட நம் கடையில் தண்ணீரைத் தொடாது. எனக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அதைப் போடத் தெரியும். மர ஸ்டூலில் உட்கார வைத்து என் கையில் மைப்பேனாவைக் கொடுத்தது நீங்கள்தான். எங்கே தொலைந்தாலும் நம்மிடம் திரும்பி வர வேண்டும் என்றால் குறி வேண்டும் என்பீர்கள்.

நான் எழுதின ஒவ்வொரு பொய்க் கடிதத்திலும் அந்தக் குறி இருக்கிறது. முத்திரைக்குள்ளே, கீழ்ப் பக்கம், கடுகில் பாதி அளவு. முதல் கடிதத்தில் வேண்டுமென்றே போட்டேன், என்றைக்காவது நீங்கள் கண்டுபிடித்தால் சேர்ந்து சிரிக்கலாம் என்று. அப்புறம் பழகிவிட்டது. குறி போடாமல் ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம் என்று இரண்டு தடவை முயற்சி செய்தேன். உறையை ஒட்ட மனது வரவில்லை. குறி போடாத துணியை இயந்திரத்தில் போடச் சொன்னால் உங்கள் கை என்ன செய்யும், அப்படித்தான்.

நீங்கள் கிழித்துப் போட்டதாகச் சொன்ன கடிதங்கள் எல்லாம் அறுந்த பொத்தான்கள் போடுகிற தகர டப்பாவின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது. அவற்றை எடுங்கள். கறை பார்க்கிற பூதக்கண்ணாடியையும் எடுங்கள். முத்திரைகளைப் பாருங்கள். பிறகு கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பதைக் கழற்றி, அதன் முத்திரையையும் பாருங்கள்.

வேறு எதுவும் சொல்லப் போவதில்லை. இனிமேல் உங்களை ஏமாற்ற எனக்கு வழியே இல்லை. பரவாயில்லை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு மழைக்காலத்தைக் கழிக்க வேண்டாம்.

வாலு


ஜூன் 28

வாலு,

பார்த்தேன்.

டப்பாவில் ஏழு கடிதம். ஏழிலும் இருக்கிறது. துணி மடிப்பு ஆய்வு அலுவலகத்தில்கூட, முத்திரையில் இருக்கிற சிங்கத்தின் வாலுக்குக் கீழே. மையத்தின் கடிதத்தை ஜன்னலுக்கு எடுத்துப்போய் முன்னும் பின்னும் பார்த்தேன். இல்லை.

அதற்குமேல் அன்றைக்கு வேலை ஓடவில்லை. கடையைப் பாதியில் பூட்டினேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீராவிக்கும் அதே கடிதம் வந்தது. அவருக்கும் 18ஆம் தேதிதான் போட்டிருந்தது. கையில் பிடித்துக்கொண்டு வந்து, போகலாமா அக்கா என்று என்னிடம்தான் கேட்டார். நான் சிரித்தேன். நம்ம வாலு உங்களையும் விட்டு வைக்கலையா, தூக்கிப் போடுங்க என்றேன். தூக்கிப் போட்டுவிட்டார். உன் மேல் அவ்வளவு கோபமாக எழுதினேனே, அதில் பாதி கோபம் என் மேல். எந்தப் பாதி என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நேராக மையத்துக்குப் போனேன். தபால் நிலையத்துக்கு எதிர்ச் சந்து, மாடிப்படியில்லாத கட்டடம். இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் அறிவிப்புப் பலகையில் முதலில் கண்ணில் பட்டது என்ன என்று நினைக்கிறாய்? என் அட்டை. நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே யாரோ சிவப்பு மையில், 'எழுப்ப அல்ல, எழாமல் இருக்கத்தான் ஊசி' என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒரு வாலு வேலை பார்க்கிறாள் போலிருக்கிறது. அங்கிருந்த நர்ஸ், நான் நீட்டிய கடிதத்தில் என் விலாசத்தைப் படித்துவிட்டு என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆமாம், நான்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நீராவியைப் பற்றிக் கேட்டேன். நான் தடுக்காமல் இருந்திருந்தால் அவருக்கு இது வந்திருக்காதா என்று. அவருக்கு வலி தொடங்கினது ஊசித் தேதிக்கு முன்னால், ஊசியும் போட்ட அன்றைக்கே காப்பாற்றாது, அதனால் இதை நீங்கள் தலையில் தூக்கி வைக்காதீர்கள் என்றாள். முழுக்க ஆறின பிறகு அவரும் வந்து போட்டுக்கொள்ளலாமாம், ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்றில்லையாம். வெளியே வந்தேன். நெஞ்சிலிருந்து ஈரத் துணி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் என் வாய் சொன்னது சொன்னதுதான். நீராவியிடம் போய்ச் சொன்னேன். அவர், "விடுங்கக்கா, நான் மட்டும் அதை நம்பியா வந்தேன்? சிரிக்கத்தான் கொண்டுவந்தேன்" என்றார். இது பொய் என்று முகத்தில் எழுதியிருந்தது.

எனக்குப் புதுத் தேதி ஜூலை 9.

இனி எழுதப் போவதைப் படித்துவிட்டுச் சிரித்தால் காதைத் திருகுவேன். எனக்கு ஊசி என்றால் பயம். கொதிக்கிற தண்ணீரில் கை விடுவேன், இஸ்திரி எந்திரத்தின் வாயில் விரலைக் கொடுத்துத் துணியை இழுப்பேன். ஊசியைக் கண்டால் வாசலைப் பார்த்து நடந்துவிடுவேன். கடைசியாக நான் ஊசி போட்டுக்கொண்டது உன் அப்பன் பிறப்பதற்கு முன்னால். நீராவி வர முடியாது. நீயும் அங்கே இருக்கிறாய். காத்திருக்கிற அறையில் உட்கார்ந்து படிக்க ஏதாவது எழுதி அனுப்பு. நீளமாக எழுது.

அத்தை


ஜூலை 2
(உறையை மையத்தின் காத்திருப்பு அறையில் மட்டும் பிரிக்கவும். கடையில் பிரித்தால் எழுத்து மறைந்துவிடும்.)

அன்புள்ள அத்தைக்கு,

இதைக் கடையிலேயே பிரித்திருப்பீர்கள். தெரியும். மறுபடி மடித்து வைத்துவிட்டு அங்கே போய்ப் பிரியுங்கள்.

உட்கார்ந்துவிட்டீர்களா? முதுகைச் சாயுங்கள். கைப்பையை மடியிலிருந்து இறக்குங்கள், அதை யாரும் திருடப் போவதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சட்டைக் காலரைப் பாருங்கள். நம் கடைத் துணியா, அடுத்த தெருக் கடைத் துணியா? அடுத்த தெருவாக இருந்தால் மஞ்சள் கோடு இருக்கும். கண்டுகொள்ளாத மாதிரி இருங்கள்.

நர்ஸ் அக்காவிடம் நான் ஒத்திகை பார்த்துவிட்டேன். உங்களுக்காக அவருடைய கையில் பேனா முனையால் குத்திக் காட்டச் சொன்னேன், அவர் என் கையில் குத்திக் காட்டினார். அவர் சொன்னபடி நடக்கப் போவது இதுதான். பெயரும் வயதும் கேட்பார்கள். ஒவ்வாமை உண்டா, இப்போது காய்ச்சல் உண்டா என்று கேட்பார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் இரத்த அழுத்த மாத்திரையை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கையில் என்று கேட்டால் இடது கை என்று சொல்லுங்கள். வலது கையில் போட்டால் இரண்டு நாளைக்கு இஸ்திரி ஓடாது. பிறகு தோளுக்குக் கீழே பஞ்சால் குளிர்ச்சியாகத் துடைப்பார்கள். அப்போதே கண்ணை மூடிவிடாதீர்கள். சீக்கிரம் மூடினால் பயம் நீளும்.

கண்ணைத் திறந்தபடி இதை நினைத்துப் பாருங்கள். எனக்கு ஆறு வயது. கடையில் ஓடி விளையாடி ஹேங்கர் கொக்கியில் கையைக் கிழித்துக்கொண்டேன். ஊசி போட வேண்டும் என்றார்கள். நான் தெருவே கூடுகிற மாதிரிக் கத்தினேன். நீங்கள் என்னை மடியில் இறுக்கிக்கொண்டு, ஊசியைப் பார்க்காதே, அத்தை மூக்கைப் பார் என்றீர்கள். பார்த்தேன். உங்கள் கண் இரண்டும் இறுக மூடியிருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை, உங்களுக்கு மூக்கில் ஏதோ வலி என்று நினைத்தேன். உங்கள் போன கடிதத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. இவ்வளவு பயந்த ஆள் அன்றைக்கு என்னை விட்டுவிட்டு வெளியே போகவில்லை.

உங்கள் எண்ணைக் கூப்பிடுகிறார்களா? மடித்துப் பையில் வையுங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

வந்துவிட்டீர்களா? அவ்வளவுதான். இப்போது கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள், தலை சுற்றுகிறதா என்று பார்க்க. இன்றைக்கோ நாளைக்கோ கை கனக்கும், குளிர் எடுக்கலாம், காய்ச்சல் வரலாம். உடம்பு பாடம் படிக்கிறது என்று அர்த்தமாம். நான் பாடம் படித்தாலும் எனக்கு அப்படித்தான் ஆகிறது. கடையைத் திறக்காமல் படுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு இரண்டு நாள் கசங்கிய சட்டை ஒன்றும் பண்ணாது.

உங்களுக்கு ஊசி போட்ட செய்தி வரும் வரைக்கும் இங்கே யாருடைய செருப்பையும் இடம் மாற்றி வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வார்டன் அம்மா எனக்கு உடம்பு சரியில்லையோ என்று இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

வாலு


ஜூலை 13
கடை

என் வாலுக்கு,

போட்டாயிற்று.

முதலில் உடம்பைப் பற்றி. நான்கு நாள் ஆகிறது, நன்றாக இருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலமே கை கல் மாதிரி கனத்தது. மறுநாள் காய்ச்சல். இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். இதுவே இப்படி என்றால் அசல் எப்படி இருக்கும் என்று நீராவியை நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் பசி. அவ்வளவுதான். இன்றைக்கு முழுப் பாரம் துணி போட்டேன்.

நீராவி நேற்று கடைக்கு வந்தார். கொப்புளம் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. இடுப்பில் அவ்வப்போது சுரீர் என்று இழுக்கிறதாம், டாக்டர் குறைந்துகொண்டேதான் வரும் என்றிருக்கிறார். நான் இன்னும் இஸ்திரிப் பக்கம் விடவில்லை. கல்லாவில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார். தன் சட்டையை அவரே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார், பழைய பருத்திச் சட்டை, பொத்தான் எல்லாம் போட்டு. ஒரு சட்டையைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

இனி உன் கடிதத்தைப் பற்றி. கடையில் பிரித்தது உண்மைதான். மறுபடி அங்கேயும் படித்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். மஞ்சள் கோடு. பேசவில்லை. ஆனால் நான் தாளைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து அவரே, யார் எழுதினது என்று கேட்டார். கொஞ்சம் படித்துக் காட்டினேன். அவருக்கும் கால் ஆடிக்கொண்டிருந்தது. என்னைவிட அதிகமாக. உன்னுடைய அந்த 'சீக்கிரம் மூடினால் பயம் நீளும்' என்ற வரியை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அடுத்த தவணைக்கும் அதே நாளில்தான் வருகிறார்.

ஆறு வயதுக் கதையை நீ எழுதியிருக்க வேண்டாம். அன்றைக்கு நான் கண்ணை மூடினது உனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். ஊசி ஏறும்போது நான் கண்ணை மூடவில்லை. உன்னிடம் சொல்வதற்காகத்தான் திறந்து வைத்திருந்தேன், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. நர்ஸ் பஞ்சை அழுத்தியபோது, இன்னும் போடவில்லையா என்று கேட்டேன்.

நான்காவது மாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வலித்தது அந்தக் குமாஸ்தா சிரித்ததால் இல்லை. அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட, நல்ல மடிப்பு என்று சொல்லவில்லை. அது உன் தப்பு இல்லை. அது எனக்குள் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறேன்.

இரண்டாவது தவணை செப்டம்பர் 10. உனக்கு அப்போது விடுமுறை என்று பார்த்து வைத்திருக்கிறேன். வா. கையைப் பிடிக்கச் சொல்ல மாட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நடத்துநருக்கும் சேர்த்து ஏதாவது பேசிக்கொண்டிரு.

கடைசியாக ஒன்று. ஊசிக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பினார்கள். அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். உன் அப்பன் நடுக்கடலில் இருக்கிறான், நீராவி படுக்கையில் இருக்கிறார். உன் பெயரையும் விடுதி எண்ணையும் சொன்னேன். நர்ஸ் எழுதிக்கொண்டே வயதைக் கேட்டாள். பதினாறு என்றதும் பேனாவை நிறுத்தினாள்.

"சின்னப் பொண்ணா இருக்காளே. ஏதாவதுன்னா நம்பிச் சொல்லலாமா?"

"சொல்லலாம்" என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்துப் பார்த்தேன். யோசித்த பிறகும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்புடன்
அத்தை